வலை நிரலாக்கத்துக்கு எந்த எடிட்டர்? நான்கில் வேலை செய்து பார்த்த பிறகு

வலைச் செயலிகளுக்கு நிரல் எழுதுகிறவரின் நாள் உலாவிக்கும், நிரலை எழுதித் திருத்தும் செயலியான எடிட்டருக்கும் இடையில் கழிகிறது. இவற்றுள் உலாவி நம் தேர்வில் இல்லை. பயனர் எதை வைத்திருக்கிறாரோ அதில் நம் நிரல் ஓடியாக வேண்டும். எடிட்டர் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது என்பதாலோ என்னவோ, அதைப் பற்றிய வாதங்கள் ஓய்வதே இல்லை. கடந்த சில மாதங்களாக ஒரே திட்டப்பணியை விஎஸ் கோட், வெப்ஸ்டார்ம், நியோவிம், சப்லைம் டெக்ஸ்ட் ஆகிய நான்கிலும் மாறி மாறித் திறந்து வேலை செய்தேன். பயனர் காணும் முன்பக்கத்துக்கு டைப்ஸ்கிரிப்ட் (வகைச் சரிபார்ப்போடு கூடிய ஜாவாஸ்கிரிப்ட்) மொழியும் ரியாக்ட் நூலகமும், சர்வரில் ஓடும் பின்பக்கத்துக்கு நோட் ஜேஎஸ், இரண்டுக்கும் பொதுவான தரவு வரையறைகள் ஒரு கோப்புறையில் என, இன்று பலரிடமும் இருக்கக்கூடிய நடுத்தர அளவுத் திட்டம் அது.

வண்ணத் தோற்றங்களையும் வசதிகளின் எண்ணிக்கையையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றில் எல்லாமே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கின்றன. மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு பெயரை மாற்றச் சொன்னால், மாற வேண்டிய இடமெல்லாம் மாறி, மாறக் கூடாத இடம் மாறாமல் இருக்கிறதா? உலாவியில் ஓடும் நிரலை எடிட்டரிலிருந்தே ஒரு வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்க்க முடிகிறதா? நாளை இந்த எடிட்டரை விட்டு வேறொன்றுக்குப் போக நேர்ந்தால் நான் எதையெல்லாம் இழப்பேன்?

மூன்றாவது கேள்வி வேண்டாத கவலையாகத் தோன்றலாம். ஆனால் வலை நிரலாளர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட இரண்டு எடிட்டர்கள் அண்மை ஆண்டுகளில் கைவிடப்பட்டிருக்கின்றன. சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு நிறத்தை மாற்றினால், சேமிப்பதற்கு முன்பே உலாவியில் பக்கம் மாறிக் காட்டும் வசதியால் பெயர்பெற்ற பிராக்கெட்ஸ் எடிட்டருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2021 செப்டம்பர் 1 அன்று நிறுத்தியது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2014-இல் வெளியிட்ட ஆட்டம் எடிட்டரின் கதை இன்னும் விசித்திரமானது. வலைத் தொழில்நுட்பங்களைக் கொண்டே கணினிச் செயலி கட்ட அதற்காக எழுதப்பட்ட அடித்தளம்தான் பின்னர் எலக்ட்ரான் என்ற பெயர் பெற்றது. அந்த எலக்ட்ரானின் மேல்தான் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோட் எடிட்டரைக் கட்டியது. 2018-இல் கிட்ஹப்பையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டம் மூடப்பட்டது. தான் ஈன்ற அடித்தளத்தின் மேல் எழுந்த போட்டியாளரிடமே அது தோற்றது. எவரும் பார்த்து மாற்றத்தக்க திறமூலமாக இருந்ததும் பெரிய நிறுவனம் பின்னால் நின்றதும் இரண்டில் எதையும் காப்பாற்றவில்லை.

விஎஸ் கோட் 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் 1.0 பதிப்பை எட்டியது. நிறுவியவுடனேயே, கூடுதல் வசதி தரும் துணைநிரலான நீட்சி ஒன்றையும் சேர்க்காமல் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நான்கையும் அது புரிந்துகொள்கிறது. எச்டிஎம்எல்லைச் சுருக்கி எழுத உதவும் எம்மட் சுருக்கங்கள் உள்ளேயே இருக்கின்றன, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டுக்கான இணைப்பு இருக்கிறது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் இருக்கிறது, குரோம், எட்ஜ், நோட் ஜேஎஸ் ஆகியவற்றில் ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் டீபக்கரும் இருக்கிறது. என் இரண்டாவது கேள்விக்கு மிக எளிதாக விடை சொன்னது இதுதான். உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் நிறுத்தப் புள்ளி வைப்பதைக் காட்டிலும், நான் எழுதிய டைப்ஸ்கிரிப்ட் வரியிலேயே வைத்து நிறுத்துவது நேரத்தையும் எரிச்சலையும் ஒருசேரக் குறைத்தது. உலாவியில் ஓடும் வரியை நாம் எழுதிய வரியோடு இணைக்கும் சோர்ஸ் மேப் சரியாக அமைந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அது பிசகினால் புள்ளி சாம்பல் நிற வளையமாக நின்றுவிடும். புதியவர்கள் டீபக்கர் வேலை செய்யவில்லை என்று கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெயர்மாற்றத்தில் அதன் திறமையையும் எல்லையையும் ஒரே நாளில் பார்த்தேன். ‘ஐடி’ (id) என்ற இரண்டெழுத்து ஆங்கிலப் பண்பின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. இதைச் சாதாரணத் தேடி மாற்றும் வசதியிடம் கொடுத்தால், அகலத்தைக் குறிக்கும் ‘விட்த்’ (width) என்ற சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும் அதே இரண்டெழுத்தும் மாறி, பக்கத்தின் அமைப்பே குலைந்துவிடும். விஎஸ் கோட் அப்படிச் செய்யவில்லை. டைப்ஸ்கிரிப்டின் சொந்தப் பகுப்பாய்வைக் கேட்டு, அந்தப் பண்பைச் சுட்டும் இடங்களை மட்டும் மாற்றியது. ஆனால் பின்பக்கக் கோப்பு எதையும் அன்று நான் திறந்திருக்கவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி டைப்ஸ்கிரிப்ட் திட்டங்களாக இருந்ததால், திறக்கப்படாத திட்டத்துக்கு அந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் தொகுப்பி அலறியதால் உடனே தெரிந்தது. வெறும் ஜாவாஸ்கிரிப்டாக இருந்திருந்தால் பயனர்தான் அலறியிருப்பார். திட்டங்களுக்கு இடையிலான உறவை டைப்ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பில் முறையாக எழுதி வைத்தால் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது; ஆயினும் அதை எடிட்டர் தானாகச் சொல்லித் தருவதில்லை.

விஎஸ் கோடின் உண்மையான சிக்கல் அதன் நீட்சிகளில் இருக்கிறது. தேவைக்கு ஒன்று என்று தொடங்கி, ஓராண்டில் நாற்பது நீட்சிகள் சேர்ந்துவிடுகின்றன. நீட்சிகள் தனிச் செயல்முறையில் ஓடுவதால் தட்டச்சு தடைபடாது என்பது நல்ல வடிவமைப்பு. ஆயினும் பரிந்துரைப் பட்டியல் தாமதமாக வருவதும், சேமிக்கும்போது கோப்பு ஒரு கணம் தயங்குவதும் நீட்சிகளின் நெரிசலால்தான். ஒருமுறை நிரலைச் சீராக அடுக்கித் தரும் நீட்சி ஒன்றை, அதன் அமைப்புகளைப் பார்க்காமலே நிறுவினேன். ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தேன். அது கோப்பு முழுவதின் வரிமுடிவுக் குறிகளையும் மாற்றியது. அடுத்தடுத்து நான் தொட்ட கோப்புகளுக்கெல்லாம் அதே கதி. மாலையில் கிட்டில் பார்த்தபோது ஒன்பது வரி மாற்றம் சில ஆயிரம் வரி மாற்றமாகக் காட்சியளித்தது. என் மாற்றத்தைச் சரிபார்க்க வேண்டியவர் அதைத் திறந்துவிட்டு உடனே மூடியதில் வியப்பில்லை.

இத்தகைய நேரங்களில் உதவும் ஒரு வசதியைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். எந்த நீட்சி குற்றவாளி என்று தெரியாதபோது, கட்டளைப் பட்டியலில் நீட்சி இருகூறாக்கத்தைத் தொடங்கினால், எடிட்டர் பாதி நீட்சிகளை அணைத்துவிட்டு, சிக்கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். விடையைப் பொறுத்து மீதியை மறுபடியும் பாதியாக்கும். முப்பது நீட்சிகள் இருந்தாலும் ஐந்து சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும். பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும்: நீட்சி என்பது உங்கள் பயனர் கணக்கின் முழு உரிமையோடு ஓடும் நிரல். உங்கள் கடவுச்சாவிக் கோப்புகளை நீங்கள் படிக்க முடியும் என்றால் அதுவும் படிக்க முடியும். 2021-இல் வந்த நம்பகக் கோப்புறை எச்சரிக்கை, அறியாத இடத்திலிருந்து இறக்கிய திட்டத்தைத் திறக்கும்போது காக்கிறது. நீங்களே விரும்பி நிறுவிய நீட்சியிடமிருந்து காப்பதில்லை.

விஎஸ் கோட் திறமூலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. மூலநிரல் கட்டுப்பாடுகள் குறைந்த எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது; நாம் பதிவிறக்கும் தொகுப்போ மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில், பயன்பாட்டுத் தரவைத் திரட்டும் ஏற்பாட்டோடு வருகிறது. அந்தத் திரட்டலை அமைப்புகளில் அணைக்கலாம். அதை நீக்கியே தொகுக்கப்படும் விஎஸ்கோடியம் என்ற வெளியீடும் இருக்கிறது; ஆனால் மைக்ரோசாஃப்டின் நீட்சிக் கடையைப் பிற வெளியீடுகள் பயன்படுத்த அக்கடையின் விதிகள் இடம் தராததால், அது ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற வேறு கடையைச் சார்ந்திருக்கிறது. தொலை சர்வரில் உள்ள கோப்புகளைத் திறக்கும் மைக்ரோசாஃப்டின் நீட்சிகளும் அங்கே கிடைப்பதில்லை. நாளும் தொலை சர்வரில் வேலை செய்கிறவர் விஎஸ்கோடியத்துக்கு மாறும் முன் இதை யோசிக்க வேண்டும்.

ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் வெப்ஸ்டார்ம் வேறொரு மனப்பான்மையில் பிறந்தது. திட்டத்தைத் திறந்தவுடன் எல்லாக் கோப்புகளையும் படித்துத் தனக்கென ஓர் அட்டவணையைத் தயாரித்துக்கொள்கிறது. முதல் முறை அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். கணினியின் விசிறி சுழலும் ஓசை அதற்குள் கேட்டுவிடும். பொறுமையற்றவர்கள் இந்த இடத்திலேயே அதைக் கைவிடுகிறார்கள். ஆனால் நான் மேலே சொன்ன அதே பெயர்மாற்றத்தை இதனிடம் கொடுத்தபோது, பின்பக்கக் கோப்பு ஒன்றையும் திறக்காமலே எல்லா இடங்களையும் கண்டுபிடித்து, மாற்றுவதற்கு முன் பட்டியலாகவும் காட்டியது. காத்திருந்ததன் கூலி அப்போது கிடைத்தது. சிஎஸ்எஸ் வகுப்பின் பெயரை மாற்றினால் எச்டிஎம்எல் கோப்பிலும் சேர்ந்து மாறுகிறது. விஎஸ் கோட் தானாக இதைச் செய்வதில்லை. வ்யூ, ஆங்குலர் ஆகிய வலைக் கட்டமைப்புகளின் வார்ப்புருக்களுக்குள் எழுதப்படும் கோவைகளையும் இது நன்றாகவே புரிந்துகொள்கிறது.

இதன் உள்ளூர் வரலாறு என்ற வசதி எனக்கு இருமுறை கைகொடுத்தது. கிட்டில் பதிவு செய்யாமல் அழித்துவிட்ட பகுதியைக்கூட நேரவாரியாகப் பின்சென்று மீட்கலாம். விஎஸ் கோடிலும் 2022 முதல் இதைப் போன்ற வசதி இருக்கிறது என்றாலும், அது கோப்பளவில் நிற்கிறது. வெப்ஸ்டார்மில் ஒரு கோப்புறை முழுவதையும் நேற்று மாலை இருந்த நிலைக்குக் கொண்டுபோக முடிகிறது.

நினைவகத்தில்தான் வெப்ஸ்டார்ம் தடுமாறுகிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இதையும், செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கரையும், இருபது தத்தல்கள் திறந்த உலாவியையும் சேர்த்து ஓட்டியபோது, ஒவ்வொரு முறை சாளரம் மாற்றும்போதும் காத்திருக்க நேர்ந்தது. 16 ஜிபி உள்ள கணினியில் அந்தக் குறை தெரியவில்லை. தொகுப்பின் வெளியீடு சேரும் கோப்புறையை அட்டவணையிலிருந்து விலக்கச் சொன்னால் சுமை கணிசமாகக் குறைகிறது. உரிமத்தைப் பொறுத்தவரை, 2024 அக்டோபர் முதல் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இது இலவசம். கற்பவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கும் அது பொருந்தும். எழுதும் நிரலுக்கு ஊதியம் வாங்கினால் கட்டணச் சந்தா தேவை. இலவச உரிமத்தில் பெயரற்ற பயன்பாட்டுத் தரவை அனுப்புவதை நிறுத்த முடியாது என்பதையும் அறிந்தே ஏற்க வேண்டும். சந்தா கட்டுகிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டியவர் பிறகு நிறுத்திக்கொண்டாலும், தமக்கு உரிமையான பழைய பதிப்பைக் காலவரையின்றிப் பயன்படுத்தலாம். என் மூன்றாவது கேள்விக்கு ஒரு நிறுவனம் உரிமத்திலேயே எழுதித் தந்த விடையாக இதை எடுத்துக்கொண்டேன்.

டெர்மினலுக்குள்ளேயே ஓடும் நியோவிமுக்கு வருவதற்கு முன், அது இன்று வலை நிரலாக்கத்துக்கு ஏன் பொருட்படுத்தத் தக்கதாக ஆனது என்று சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகப் பகுப்பாய்வு நிரல் எழுத வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு நிரல்கள். 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகியவை சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை, எடிட்டரும் மொழிச் சர்வரும் பேசிக்கொள்ளப் பொது வழி ஒன்றை வகுத்தது. எடிட்டர் பத்தும் அந்த நெறிமுறையைக் கற்றுக்கொண்டு, மொழிக்கு ஒரு சர்வர் என்று எழுதினால் இருபது நிரல்களே போதும். நியோவிம் 2021-இல் 0.5 பதிப்பில் இதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆகவே ஓர் இடைநிலை நிரல் வழியாக, விஎஸ் கோட் கேட்கும் அதே டைப்ஸ்கிரிப்ட் சர்வரிடம்தான் நியோவிமும் கேட்கிறது. பெயர்மாற்றத்தில் இரண்டும் ஒரே விடையைத் தந்ததற்கும், ஒரே இடத்தில் தவறியதற்கும் காரணம் அதுவே. எடிட்டர்களுக்கிடையே அறிவில் பெரிய வேறுபாடு இருந்த காலம் இந்த நெறிமுறையோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

எஞ்சி நிற்பது விரல்களின் பழக்கம். 1976-இல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரின் குறுக்குவிசைகள் இன்றும் நியோவிமில் அப்படியே வேலை செய்கின்றன. ஒருமுறை கற்றது இத்தனை காலம் செல்லுபடியாவது மென்பொருள் துறையில் அரிது. தொலை சர்வரில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைந்து ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் இதற்கு நிகரில்லை. ஆனால் உலாவியில் ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் ஏற்பாட்டைச் செருகுநிரல்களைக் கொண்டு நாமே இணைக்க வேண்டும். அதற்கு ஒரு வார இறுதி முழுவதும் போயிற்று, ஒரு பதிப்பு மேம்பாட்டில் உடைந்து இன்னொரு மாலையும் போயிற்று. அமைப்புகளை லுவா மொழியில் எழுதுவதே சிலருக்கு இன்பம். எனக்கு அது செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட நல்ல சாக்காக அமைந்தது.

செயலியின் இடைமுகத்தைத் தமிழிலும் தருகிறவர்களுக்கு நியோவிம் பற்றி இன்னொரு எச்சரிக்கை. டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்களால் ஆன பலகை; ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் பழைய விதி. நம் ‘கொ’வோ க என்ற எழுத்தும், அதன் இருபுறமும் அமரும் ஒகரக் குறியும் சேர்ந்தது. பல டெர்மினல்களில் குறிகள் விலகி நிற்கும், நிலைகாட்டி ஓரிடத்திலும் அழியும் எழுத்து வேறிடத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்புச் சரங்கள் நிறைந்த கோப்பை இப்படித் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது போன்றது. குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தின் மேல் ஓடும் விஎஸ் கோடில், உலாவியில் தெரிவது போலவே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

சப்லைம் டெக்ஸ்ட் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2008 முதல் இருக்கும் இது எலக்ட்ரானைச் சாராமல் எழுதப்பட்டதால், சொடுக்கியவுடன் திறக்கிறது. பல நூறு எம்பி அளவுள்ள பதிவுக் கோப்பைத் திறக்க நான் இன்றும் இதையே நாடுகிறேன். பல இடங்களில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் வசதியைப் பரவலாக்கியதும் இதுவே. உள்ளமைந்த டீபக்கர் இல்லாததால் முழுநேர வலை வேலைக்கு என் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. ஆட்டம் எடிட்டரை உருவாக்கியவர்கள் ரஸ்ட் மொழியில் எழுதி 2024-இல் திறமூலமாக்கிய செட் எடிட்டரையும் சில நாள் பார்த்தேன். வேகம் சப்லைமை நினைவூட்டியது. தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அதில் நான் புழங்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்து எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. உதவியாளரை உள்ளேயே கொண்ட கர்சர் போன்ற எடிட்டர்கள் விஎஸ் கோடின் மூலநிரலிலிருந்து கிளைத்தவை. ஆகவே மேலே சொன்ன நிறைகுறைகள் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும், நீட்சிக் கடை குறித்த கட்டுப்பாடும் சேர்த்து. உதவியாளர்கள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. எடிட்டரின் பழக்கமோ ஆண்டுக்கணக்கில் நிற்பது. நிரலின் பகுதிகள் வெளிச் சர்வருக்குப் போகின்றன என்பதை வாடிக்கையாளரின் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது கேள்விக்கான விடையை இந்த நான்கில் எதுவும் முழுதாகத் தரவில்லை. அதைத் திட்டத்துக்குள்தான் எழுதி வைக்க வேண்டும். உள்தள்ளல் எத்தனை இடைவெளி, வரிமுடிவு எந்த வகை என்பவற்றை எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுதினால், வெப்ஸ்டார்மும், 2023-இல் வந்த 0.9 பதிப்பு முதல் நியோவிமும் தாமாகவே அதைப் படித்துக்கொள்கின்றன; விஎஸ் கோடுக்கு ஒரு சிறு நீட்சி வேண்டும். எல்லாம் உள்ளே இருப்பதாகப் பெயர் பெற்ற எடிட்டர் இந்த ஒன்றை வெளியே விட்டிருப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நிரலை அடுக்கும் வேலையைப் பிரெட்டியரிடமும், பிழை தேடும் வேலையை ஈஎஸ்லின்டிடமும் ஒப்படைத்து, அவற்றைத் திட்டத்தின் சார்புகளாகவே நிறுவிப் பதிப்பைப் பூட்டிவிட்டால், எடிட்டர் அவற்றை அழைக்கும் கருவி மட்டுமே ஆகிறது. என் வரிமுடிவு விபத்துக்குப் பிறகு இவற்றை எழுதி வைத்தேன். அதற்குப் பின் ஓர் எடிட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற எனக்கு ஒரு காலைப் பொழுதுக்கு மேல் ஆனதில்லை.

முழுநேரமும் பெரிய டைப்ஸ்கிரிப்ட் திட்டத்தில் உழல்கிறவருக்கும், பிறர் எழுதிய பழைய நிரலை அடிக்கடி சீரமைக்கிறவருக்கும், கணினியில் 16 ஜிபி இருக்குமானால், வெப்ஸ்டார்ம் என்று தயங்காமல் சொல்வேன். சர்வர்களிலேயே வாழ்கிறவர் பெரும்பாலும் முன்பே நியோவிமின் மூதாதையான விம் கற்றிருப்பார். அவருக்கு என் பரிந்துரை தேவையில்லை. மற்றவர்களுக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் விஎஸ் கோட். நிறுவிய முதல் மாதம் ஈஎஸ்லின்ட், பிரெட்டியர், எடிட்டர்கான்ஃபிக் ஆகிய மூன்று நீட்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது ஒன்று வேண்டும் என்று தோன்றும்போது, அது செய்யும் வேலையை எடிட்டரே முன்பே செய்கிறதா என்று கட்டளைப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள். என் நாற்பதில் பதினொன்றை நான் நீக்கியது அந்தத் தேடலுக்குப் பிறகுதான்.